பானெட்டைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை மத்திய அரசு உயர்த்தியதை ஆதரித்துச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. 20 வயதைக் கடந்த கார்கள் எல்லாம் இரும்புக் கடைக்குப் போக வேண்டியவை, அவற்றை விடாமல் வைத்திருப்பவர்கள் வெறும் கௌரவத்துக்காகவே வைத்திருக்கிறார்கள் என்ற பொருள்பட எழுதியிருந்தார்கள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. என் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நிற்பது 1996ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் இ220. வரும் ஏப்ரலில் அதற்கு 30 வயது முடிகிறது. நான் அதை விலை கொடுத்து வாங்கியவன் இல்லை. அதன் முதல் ஓட்டுநர்.

1991இல், என் முப்பதாவது வயதில், கோவையில் நூற்பாலை நடத்திவந்த ஒருவரிடம் ஓட்டுநராகச் சேர்ந்தேன். பென்ஸ் நிறுவனம் 1994இல் டெல்கோவுடன் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) கூட்டுச் சேர்ந்து புனேயில் கால் வைத்தது. மறு ஆண்டு அங்கிருந்து வெளிவந்த முதல் வகை இது; நிறுவனத்தின் குறியீட்டில் டபிள்யூ 124. முதலாளி ஐயா 1996 ஏப்ரலில் ஒன்றை எடுத்தார். சாவியை என் கையில் கொடுக்கும்போது கூடவே ஒரு நீளமான கணக்கு நோட்டையும் கொடுத்தார். ஆலையில் ஒவ்வொரு ஸ்பின்னிங் மெஷினுக்கும் பராமரிப்புப் பதிவேடு உண்டு. என்றைக்கு எண்ணெய் விட்டது, என்ன பாகம் மாற்றியது, யார் மாற்றியது எல்லாம் அதில் இருக்கும். காருக்கும் அப்படியே எழுதச் சொன்னார். இன்று நான்காவது நோட்டு ஓடுகிறது. மூன்று லட்சத்து எண்பத்தாறாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு எந்த ஆண்டு எந்த மாதம் என்ன செய்தோம் என்று கேட்டாலும் பக்கத்தைப் புரட்டிச் சொல்லிவிடுவேன்.

2014இல் வீட்டில் புதிய கார்கள் வந்தபோது இதை விற்றுவிடலாம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். வந்த விலை, அந்த வண்டி வாங்கிய விலைக்கு முன்னால் சொல்லவே கூசும் தொகை. ஐயா என்னை அழைத்து, “நீயே வைத்துக்கொள். ஆனால் நோட்டை நிறுத்தாதே” என்றார். ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர் ஏறியது. மூன்றாண்டு கழித்து அவர் காலமானார். இன்றும் நான் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போனால், பெட்ரோல் பங்கிலும் சோதனைச் சாவடியிலும் “வண்டியின் சொந்தக்காரர் எங்கே?” என்றுதான் கேட்கிறார்கள். நான்தான் என்று சொல்லி ஆர்.சி.யை எடுத்துக் காட்டுவேன்.

கௌரவத்துக்காக வைத்திருக்கிறோம் என்று எழுதினீர்களே, அதற்காகச் சிலவற்றை விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வண்டி என் பெயருக்கு வந்த மறு ஆண்டு, மழைக்காலத்தில், பெருந்துறையைத் தாண்டும்போது இஞ்சின் விக்கத் தொடங்கியது. ஓரத்தில் நிறுத்தினால் நடுங்கியது. ஒரு பெரிய பட்டறையில் விட்டேன். ஸ்பார்க் பிளக் மாற்றினார்கள், காயில் மாற்றினார்கள், கடைசியில் இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டியே போய்விட்டது என்றார்கள். அதற்குச் சொன்ன தொகையில் ஒரு நல்ல பழைய மாருதி வாங்கலாம். மனமில்லாமல் வண்டியை எடுத்துவந்து உக்கடத்தில் எனக்குப் பழக்கமான எலெக்ட்ரீஷியன் பாயிடம் காட்டினேன். அவர் எந்த மெஷினையும் மாட்டவில்லை. பானெட்டைத் திறந்து, இஞ்சின் மேல் ஓடும் கறுப்புக் குழாயைப் பிளேடால் ஒரு விரல் நீளம் கீறினார். உள்ளே இருந்த வயரை இரண்டு விரலால் லேசாக வளைத்தார். மேலுறை முறுக்குப் போல நொறுங்கி அவர் உள்ளங்கையில் விழுந்தது. தாமிரக் கம்பி வெறுமையாகப் பளபளத்தது. பக்கத்து வயரும் அப்படியே. “ஒன்றோடொன்று உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது அண்ணா. பெட்டி போகவில்லை. இப்படியே விட்டிருந்தால் போயிருக்கும்” என்றார்.

தொண்ணூறுகளின் நடுவில் வந்த பென்ஸ்களுக்கு உலகம் முழுவதும் உள்ள நோய் இது. மண்ணில் மக்கும் வகையில், சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று நினைத்து ஒரு மேலுறையை அந்த ஆண்டுகளில் இஞ்சின் வயர்களுக்குப் போட்டார்கள். இஞ்சின் சூட்டில் பத்துப் பதினைந்து வருடத்தில் அது உலர்ந்து உதிர்ந்துவிடுகிறது. ஜெர்மனியிலிருந்து முழு வயரிங்கையும் தருவிக்க லட்சத்துக்கு மேல் கேட்டார்கள். பாய் வேறு வழி செய்தார். பழைய வயரிங்கைக் குலையாமல் மொத்தமாகக் கழற்றி ஒரு ஒட்டுப்பலகைமேல் கிடத்தினார். அதன் உருவத்தைப் பென்சிலால் வரைந்தார். ஒவ்வொரு கிளை பிரியும் இடத்திலும் ஆணி அடித்தார். வெப்பம் தாங்கும் சிலிக்கான் வயரை, பழைய வயரில் இருந்த அதே நிறக்கோடுகளைத் தேடிப்பிடித்து, ஆணிகளைச் சுற்றி ஒவ்வொன்றாக இழுத்தார். பழைய பிளக்குகளின் ஊசிகளைக் கழற்றி, சுத்தம் செய்து, திரும்பப் பொருத்தினார். பதினொரு நாள் ஆயிற்று. நானும் தினமும் போய்ப் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூலியும் பொருளும் சேர்த்துப் பதினெட்டாயிரம் ரூபாய் வாங்கினார். பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. இஞ்சின் ஒருமுறைகூட விக்கவில்லை. இரண்டாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த வரைபடத்தின் சிறிய நகல் இருக்கிறது.

இந்தக் காருக்கு முன்கண்ணாடியில் ஒரே ஒரு வைப்பர்தான். அரைவட்டம் சுற்றும்போது மூலைக்கு வந்ததும் கை நீள்வது போல நீண்டு, மூலையையும் துடைத்துவிட்டு மீண்டும் சுருங்கும். உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரப் பெட்டி செய்கிற வேலை அது. ஒருமுறை வால்பாறைக்குப் போகும்போது, 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டிய இடத்தில், கொட்டும் மழையில் வைப்பர் நடுக்கண்ணாடியில் நின்றுவிட்டது. பின் இருக்கையில் ஐயாவும் முதலாளி அம்மாவும். சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு அடுத்த அகலமான வளைவுவரை ஊர்ந்து போய்ச் சேர்ந்தேன். பெட்டிக்குள் கிரீஸ் காய்ந்து மெழுகாகிப் போயிருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன்னால், மே மாதத்தில், அதைக் கழற்றிச் சுத்தம் செய்து புதுக் கிரீஸ் வைக்கிறேன். அரைநாள் வேலை. செலவு ஐம்பது ரூபாய்கூட இல்லை.

மற்ற செலவுகளும் உண்டு. முன்சக்கரத்துப் பால் ஜாயின்ட், பின்பக்கம் ஒவ்வொரு சக்கரத்தையும் பிடித்திருக்கும் ஐந்து கைகள், அவற்றின் ரப்பர் புஷ்கள் என எல்லாம் நம் ஊர் வேகத்தடைகளில் அடிவாங்குபவை. கூலன்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில் எதையும் நாள் தள்ளிப்போட முடியாது. மாதம் மூவாயிரம் ரூபாய் தனியே எடுத்து வைக்கிறேன். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் சொல்லிக்கொடுத்து மாதம் பதினாலாயிரம் சம்பாதிக்கிறேன். அதில் மூவாயிரம் என்பது என் குடும்பத்துக்குச் சின்னத் தொகை இல்லை. என் மனைவி அதற்காக ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவளுடைய பிரசவத்துக்கும் அதே காரில்தான் அம்மா அனுப்பிவைத்தார்கள். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குக் கேட்டு மாதம் இரண்டு பேராவது வருகிறார்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி தவறு. இதுவரை விட்டதில்லை, இனியும் விடமாட்டேன்.

புகையைப் பற்றிக் கட்டுரை கவலைப்பட்டிருந்தது. நியாயமான கவலை. டெல்லிக் காற்றை நினைத்தால் யாருக்கும் அந்தப் பயம் வரும். ஆனால் என் வண்டியின் வயதுக்குச் சட்டம் அனுமதிக்கும் கார்பன் மோனாக்சைடு அளவு 3 சதவீதம். சென்ற புகைச் சோதனையில் வந்த அளவு 0.4. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தச் சான்றையும் நோட்டில் ஒட்டி வைக்கிறேன். எங்கள் தெருவிலேயே ஒருவர் ஐந்தாறு லட்சத்துக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று பதினைந்து வயதான வேறொரு ஜெர்மன் காரை வாங்கினார். ஏர் சஸ்பென்ஷன் அடங்கிப்போய், ஒரு பக்கம் சாய்ந்து, இப்போது செங்கல்மேல் நிற்கிறது. அது என் வண்டியில் பாதி வயது. எதைச் சாலையிலிருந்து எடுக்க வேண்டும் என்பதை வயதை மட்டும் பார்த்து முடிவு செய்தால் என்ன ஆகும் என்று கட்டுரையாளர் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இனிக் கட்டணத்துக்கு வருகிறேன். 15 ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை. 2011, 2016, 2021 என்று மூன்று முறை புதுப்பித்துவிட்டோம். 2021இல் நான் கட்டியது 600 ரூபாய். 2022 ஏப்ரலில் இந்தக் கட்டணம் 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில், 20 வயதைக் கடந்த கார்களுக்கு 10,000 ஆயிற்று. இறக்குமதியான கார் என்றால் 80,000. என் வண்டி புனேயில் தயாரானது. ஆனாலும் விவரம் கேட்கப் போன ஓர் அலுவலகத்தில், பென்ஸ் என்ற பெயரைப் பார்த்ததுமே இறக்குமதி வகையில் 80,000 என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு மூன்று முறை நடந்து, புனேத் தயாரிப்பு என்று காட்டிய பிறகே திருத்தினார்கள். நோட்டும் காகிதமும் வைத்திருந்ததால் பிழைத்தேன். இல்லாதவர் என்ன செய்வார்?

10,000 ரூபாயை நான் கட்டிவிடுவேன். பசுமை வரியையும் கட்டுகிறேன். எனக்கு வருத்தம் தருவது வேறு. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. 50 ஆண்டு நிறைந்து, மூலத் தன்மை மாறாமல் இருந்தால், வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனி எண் பலகை, பத்தாண்டுக்குப் பதிவு. நல்ல விதி. ஆனால் 20 வயதில் ஒரு காரை இரும்பாகப் பார்க்கும் அரசு, அதே காரை 50 வயதில் பொக்கிஷமாகப் பார்க்கிறது. நடுவில் உள்ள 30 ஆண்டுகள் அதை யார் காப்பாற்றுவது? என் கார் 50ஐத் தொடும்போது 2046. எனக்கு 85 வயதாகியிருக்கும். அதற்குள் 2026, 2031, 2036, 2041 என நான்கு முறை கட்டணம் கட்டி, நான்கு முறை சோதனைக்குப் போக வேண்டும். கஷ்டப்படும் குடும்பங்களில் இருக்கும் நல்ல வண்டிகள் அந்த இடைவெளியில்தான் உடைபட்டுப் போகும். பணக்காரர் கூடத்தில் நிற்பவை மட்டும் மிஞ்சும்.

என் அக்கா மகன் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் வேலை பார்க்கிறான். அங்கே 1997 முதல் ஒரு முறை இருக்கிறது என்று சொன்னான். முதல் பதிவாகி 30 ஆண்டு முடிந்த கார், பெரும்பாலும் பழைய தன்மை மாறாமலும் நல்ல நிலையிலும் இருந்தால், தகுதி பெற்ற பரிசோதகர் ஒருவர் பார்த்துச் சான்று தருகிறார். எண் பலகையின் கடைசியில் எச் என்று ஓர் எழுத்துச் சேர்கிறது. இஞ்சின் எவ்வளவு பெரியதானாலும் ஆண்டு வரி 192 யூரோவுக்குச் சற்றுக் குறைவாக ஒரே அளவு. கவனிப்பில்லாமல் துருப்பிடித்துக் கிடக்கும் கார் 30 வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் அந்த எழுத்தைப் பெற முடியாது. 30 ஆண்டு நிறைந்த டபிள்யூ 124 கார்கள் அந்த எச் எழுத்தோடு ஓடும் படங்களை அவன் அனுப்பினான். என் வண்டியின் அதே முகம், அதே ஒற்றை வைப்பர்.

அப்படி ஒரு வகை நமக்கும் வேண்டும் என்பதே என் கோரிக்கை. 30 ஆண்டு முடிந்த வண்டிக்கு இப்போது இருப்பதைவிடக் கடுமையான சோதனை வைக்கட்டும். பிரேக், சஸ்பென்ஷன், புகை, வயரிங், அடித்தளத் துரு என ஒவ்வொன்றாகப் பார்க்கட்டும். பராமரிப்புப் பதிவேட்டைக் கேட்கட்டும். அதில் தேறிய வண்டிக்குப் பத்தாண்டுக்குப் பதிவைக் கொடுக்கட்டும். ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது என்று வரம்பு வைத்தாலும் சரிதான். நான் ஆண்டுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது எங்கும். பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டியிருக்கலாம் என்று மத்திய அரசே 2025 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. சென்ற தீபாவளிக்கு முந்தைய வாரம் காலையில் கொட்டகையைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடித்தது. கீழே படுத்துப் பார்த்தேன். பின் அச்சுக்கு முன்னால், பம்ப்புக்குப் போகும் ரப்பர் குழாய் வியர்த்துக்கொண்டிருந்தது; விரலால் தொட்டால் கறுப்பு ஒட்டியது. எத்தனால்தான் காரணமா, வயதும் சேர்ந்தா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. எத்தனால் தாங்கும் குழாய்களாக எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். மாற்றத் தெரியாதவர் வண்டியில் அந்தத் துளி சூடான இடத்தில் விழுந்தால்? ஊருக்கு ஒரு பங்கிலாவது எத்தனால் குறைந்த பெட்ரோலைச் சாதாரண விலையில் கொடுக்க வேண்டும்.

அவிநாசி சாலையில் 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு அவர்களின் பெயரைச் சூட்டியிருக்கிறோம். அதே சாலையில் கார் அருங்காட்சியகமும் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப்போய்க் காட்டுகிறோம். அங்கே இருக்கும் ஒவ்வொரு காரும் ஒரு காலத்தில் முப்பது வயதில் யாரோ ஒருவர் கொட்டகையில் நின்றிருக்கும். இந்த ஊரில் எதையும் கழற்றிப் பூட்டுகிற கைகள் இருந்ததால்தான் பட்டறைகள் வளர்ந்தன. உக்கடத்துப் பாய்க்கு இப்போது அறுபத்தெட்டு வயது. ஆணி அடித்த அந்தப் பலகையை அவர் இன்னும் கடைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். என் வண்டிக்குப் பிறகு அதே பலகையில் ஏழு வண்டிகளுக்கு வயரிங் செய்து கொடுத்திருக்கிறார். ஈரோட்டிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் தேடிக்கொண்டு வந்தவர்கள். அவரிடம் இரண்டு இளைஞர்கள் தொழில் கற்கிறார்கள். பழைய வண்டிகள் எல்லாம் உடைபட்டுவிட்டால் அவர்கள் எதன்மேல் கை பழகுவார்கள்?

2021இல் சோதனைக்குப் போனது நன்றாக நினைவிருக்கிறது. நான்கு மணிக்கே எழுந்து வண்டியைக் கழுவி, இஞ்சினைத் துடைத்து, மூன்று நோட்டுகளையும் பையில் எடுத்துக்கொண்டு போனேன். பானெட்டைத் திறக்கச் சொன்னார்கள். சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்தார்கள். மூடச் சொல்லிவிட்டார்கள். அந்த எண்ணுக்கு ஒரு முழம் தள்ளித்தான் பாய் இழுத்த வயரிங் ஓடுகிறது. நோட்டைக் காட்டட்டுமா என்று கேட்டேன். தேவையில்லை என்றார்கள்.

வரும் ஏப்ரலில் மறுபடியும் போகிறேன். பணத்தை முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டேன். நான்கு நோட்டுகளையும் கொண்டுபோவேன். இந்த முறையாவது பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பத்து நிமிடம் உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கார் ஓட்டுநர் ஒருவர்,
சிங்காநல்லூர், கோவை.